லாபத்தில் பங்கு; நட்டம் யாருக்கு?

சென்ற ஐப்பசியில், பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்த பட்டு நெசவாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் கல்லூரியில் என்னிடம் பொருளாதாரம் படித்தவன். பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். "சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பையன் கையெழுத்துப் போடலாங்கறான். எனக்கு மனசு ஒப்பலை" என்றார்.

அந்நியச் செலாவணி வர்த்தகக் கணக்கை நிர்வகிப்பதற்கான ஒப்பந்தம் அது. பணம் போடுபவர் பெயரில் கணக்கு; வாங்கி விற்பவர் வேறொருவர். கிடைக்கும் லாபத்தில் எழுபது பங்கு பணம் போட்டவருக்கு, முப்பது பங்கு நிர்வகிப்பவருக்கு. இந்த விகிதம் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நட்டம் வந்தால் என்ன ஆகும் என்பது ஒன்பதாவது பத்தியில் சிறிய எழுத்தில் ஒரே வரியில் இருந்தது: சந்தையில் ஏற்படும் இழப்புக்கு நிர்வாகி பொறுப்பல்ல. நெசவாளர் போட எண்ணியிருந்தது 3 லட்சம் ரூபாய். இரண்டாவது தறி போடுவதற்காக ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் அது.

அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். காஞ்சிபுரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்று இதே காகிதம் பலருடைய மேசைகளில் இருக்கிறது.

பங்கு முறை புதிதல்ல

லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் தவறேதுமில்லை. ஒருவரிடம் பணம், மற்றவரிடம் திறமை. இரண்டும் சேர்ந்து தொழில் நடப்பது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். நம் ஊர்களில் நிலத்தை வாரத்துக்கு விடுவது அப்படிப்பட்டதே. இடைக்கால இத்தாலியத் துறைமுக நகரங்களில் 'கொம்மெண்டா' என்ற ஒப்பந்தம் இருந்தது. கரையில் இருப்பவர் முதல் கொடுப்பார். கடலில் செல்பவர் வாணிகம் செய்வார். லாபத்தில் நான்கில் மூன்று பங்கு முதல் கொடுத்தவருக்கு, ஒரு பங்கு வணிகருக்கு. நட்டம் ஏற்பட்டால் முதல் கொடுத்தவர் பணத்தை இழப்பார். வணிகர் தம் உழைப்பை இழப்பார். இஸ்லாமிய வணிக மரபின் 'முளாரபா' முறையும் ஏறத்தாழ இதே வகை.

ஆகவே, நிர்வாகிக்கு 30 சதவீதம் என்பதை மட்டும் பார்த்து அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. வாரச் சாகுபடி ஏன் நீடிக்கிறது என்ற கேள்வியை 1974-இல் ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், இடர்ப்பாட்டைப் பகிர்ந்துகொள்வது, உழைப்பவருக்கு ஊக்கம் தருவது ஆகிய இரண்டுக்கும் இடையிலான சமரசம்தான் பங்கு முறை என்று விளக்கினார். விளைந்தால் இருவருக்கும் நெல். பொய்த்தால் இருவருக்கும் பட்டினி. இருவரும் ஒரே வயலைப் பார்க்கிறார்கள். விளைச்சல் களத்துமேட்டில் இருவர் கண்முன்னே அளக்கப்படுகிறது. இந்த நிபந்தனைகள் இருக்கும்வரை பங்கு முறை நேர்மையாக நடக்கும். அவை போன பிறகும் பங்கு என்ற சொல் மட்டும் எஞ்சியிருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கூட்டாண்மை பற்றிய நம் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கூட்டாளிகள் லாபத்தைச் சமமாகப் பெறுவதோடு நட்டத்தையும் சமமாக ஏற்க வேண்டும் என்கிறது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். நிர்வகிக்கப்படும் செலாவணிக் கணக்கில் நிர்வாகி கூட்டாளி அல்லர், முகவர் மட்டுமே. ஆனால், கூட்டாளியைப்போல் லாபத்தில் பங்கு பெறுகிறார்.

கணக்கு எப்படி ஓடுகிறது?

உலக அந்நியச் செலாவணிச் சந்தை மிகப் பெரியது. பன்னாட்டுத் தீர்வு வங்கி மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கின்படி, 2025 ஏப்ரலில் நாளொன்றுக்குச் சராசரியாக 9.6 லட்சம் கோடி டாலர் கைமாறியது. பெரும்பகுதி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இடையே நடப்பது. சாதாரண மனிதர் இணையத்தரகர் ஒருவரின் மூலமாகவே இந்தச் சந்தையின் ஓரத்தைத் தொடுகிறார்.

பலருடைய பணத்தை ஒரே நிர்வாகி கையாளுவதற்கு வெளிநாட்டுத் தரகர்கள் சில மென்பொருள் முறைகளை வைத்திருக்கிறார்கள். 'பாம்' எனப்படும் முறையில் எல்லோர் பணமும் ஒரே தொகுப்பாகக் கருதப்பட்டு, லாப நட்டம் அவரவர் போட்ட தொகையின் சதவீதப்படி பகிரப்படுகிறது. 'லாம்' என்ற முறையில் இத்தனை 'லாட்' என்ற எண்ணிக்கைப்படி ஒவ்வொரு கணக்கிலும் வணிகம் பதிவாகிறது. 'மாம்' என்பது இரண்டும் கலந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு அளவு இடர்ப்பாட்டை நிர்வாகி வைக்கலாம். மூன்றிலும் பணம் போட்டவர், வணிகம் செய்வதற்கு மட்டுமான வரையறுக்கப்பட்ட அதிகாரப் பத்திரம் ஒன்றை எழுதிக் கொடுக்கிறார். முறையான ஏற்பாட்டில் நிர்வாகியால் வாங்கவும் விற்கவும் முடியும். பணத்தை வெளியே எடுக்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொகுப்பில் நிர்வாகியின் சொந்தப் பணம் 1 லட்சம், நெசவாளர் 3 லட்சம், கடைக்காரர் ஒருவர் 6 லட்சம். மொத்தம் 10 லட்சம் ரூபாய். நிர்வாகியின் பங்கு லாபத்தில் 30 சதவீதம். மாதந்தோறும் கணக்குத் தீர்க்கப்படும்.

முதல் மாதம் 20 சதவீத லாபம். நெசவாளருக்கு 60,000, கடைக்காரருக்கு 1,20,000, நிர்வாகிக்கு 20,000. நெசவாளரின் லாபத்திலிருந்து 18,000, கடைக்காரரின் லாபத்திலிருந்து 36,000, ஆக 54,000 ரூபாயை நிர்வாகி தம் பங்காக வெளியே எடுத்துவிடுகிறார். நெசவாளரின் கணக்கில் இப்போது 3,42,000 ரூபாய் இருக்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இரண்டாம் மாதம் 25 சதவீத நட்டம். நெசவாளரின் பணம் 2,56,500 ஆகிறது, கடைக்காரருடையது 5,13,000. நிர்வாகியின் 1,20,000 ரூபாயும் 90,000 ஆகிறது. ஆனால், அவர் ஏற்கெனவே எடுத்த 54,000 பத்திரமாக வெளியே இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: இரண்டு மாத முடிவில் நெசவாளருக்கு 43,500 நட்டம், கடைக்காரருக்கு 87,000 நட்டம், நிர்வாகிக்கு 44,000 லாபம். வணிகத்தில் தொகுப்பு மொத்தமாகப் பணத்தை இழந்திருக்கிறது. இழக்க வைத்தவர் மட்டும் சம்பாதித்திருக்கிறார். இதில் மோசடி எதுவுமில்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடியே எல்லாம் நடந்தன.

மூன்றாம் மாதம் மீண்டும் 20 சதவீத லாபம். நெசவாளரின் 2,56,500 ரூபாய் 3,07,800 ஆகிறது. இந்த மாத லாபமான 51,300 ரூபாயில் 30 சதவீதம், அதாவது 15,390 ரூபாயை நிர்வாகி எடுத்தால், எஞ்சுவது 2,92,410. மூன்று மாத வணிகத்தின் நிகர விளைவு 8 சதவீத லாபம். நெசவாளருக்கோ 7,590 ரூபாய் நட்டம். அவர் செலுத்திய பங்குத்தொகை மட்டும் 33,390 ரூபாய்.

ஏரியின் நீர்மட்டம்

இந்த அநீதியைத் தடுப்பதற்கு உலக நிதிச் சந்தையில் நெடுங்காலமாக ஒரு விதி இருக்கிறது. 'ஹை வாட்டர் மார்க்' என்பார்கள். உச்ச நீர்மட்டக் கணக்கு என்று சொல்லலாம். ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது என்பதால் நமக்கு எளிதில் விளங்கும். ஏரியில் ஒருமுறை தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியதோ அந்த இடத்தில் ஒரு கோடு. பிறகு வற்றிப் பாதி நிரம்பினால், 'இவ்வளவு நீரைச் சேர்த்தேன், கூலி கொடு' என்று கேட்க முடியாது. பழைய கோட்டைத் தாண்டிய நீருக்கு மட்டுமே கூலி.

நம் எடுத்துக்காட்டில் நெசவாளரின் கோடு 3,42,000. கணக்கு 2,56,500-க்கு இறங்கியபின், அந்தக் கோட்டைத் தொடுவதற்கே 33 சதவீதத்துக்கும் சற்று அதிகமான லாபம் வேண்டும். அதுவரை நிர்வாகிக்கு ஒரு காசும் கிடையாது. மூன்றாம் மாதத்தில் நெசவாளர் கையில் 3,07,800 முழுமையாக இருந்திருக்கும். 7,800 ரூபாய் லாபம். ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு, அவரை லாபத்திலிருந்து நட்டத்துக்கு மாற்றிவிடுகிறது.

இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பதிவு பெற்ற முதலீட்டுத் தொகுப்பு மேலாளர்களுக்கு இந்த உச்ச மட்ட விதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவர்கள் உறுதியான வருவாய் தருவதாக வாக்களிக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து அவர்கள் பெறும் குறைந்தபட்சத் தொகை 50 லட்சம் ரூபாய். நட்டத்தைத் தாங்கக்கூடியவர் மட்டுமே வரட்டும் என்பதே இதன் நோக்கம். 3 லட்சம் ரூபாயை 'நிர்வகித்துத் தருகிறேன்' என்பவர் இந்த வரம்புக்குள் இல்லை என்பது அவர் வாய் திறந்தவுடனேயே தெரிந்துவிடுகிறது. மேலும், அந்தப் பதிவு வெளிநாட்டுத் தளமொன்றில் யூரோ, டாலர் ஏற்ற இறக்கத்தில் ஊகம் செய்வதற்கான உரிமமும் அல்ல.

ஆனால், உச்ச மட்ட விதியும் நட்டத்தில் பங்கு ஆகாது. அது எதிர்கால லாபத்தில் நிர்வாகி கைவைப்பதைத் தள்ளிப்போடுகிறது. இழந்த பணத்தைத் திருப்பித் தருவதில்லை. பெரும் நட்டத்துக்குப் பிறகு, கோட்டைத் தொட முடியாது என்று கண்ட நிர்வாகி அந்தக் கணக்கைக் கைவிட்டு வேறு பெயரில் புதிய கணக்கைத் தொடங்கிவிடலாம். நட்டத்தில் உண்மையான பங்கு என்றால், நிர்வாகி தம் பணத்தை முன்வைத்து, முதலில் வரும் இழப்பு அதிலிருந்தே கழியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 'நட்டத்திலும் பாதி எங்களுடையது' என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பாதி இப்போது எந்தக் கணக்கில், யார் பெயரில் இருக்கிறது?

பிறர் பணத்தில் துணிவு

லாபத்தில் பங்கு, நட்டத்தில் பங்கில்லை என்ற ஏற்பாடு நிர்வாகியின் நடத்தையையே மாற்றிவிடுகிறது. அவருக்கு நிதானமாக 1 சதவீதம் ஈட்டுவதைவிட, 40 சதவீதம் ஏறவோ இறங்கவோ கூடிய சூதாட்டமே இலாபகரமானது. ஏறினால் பங்கு, இறங்கினால் 'சந்தை சரியில்லை'.

இதற்குத் துணை செய்வது 'லெவரேஜ்' எனப்படும் கடன் பெருக்கம். 1 லட்சம் ரூபாயை மார்ஜினாக வைத்து, நூறு மடங்கில் 1 கோடி ரூபாய்க்கு நாணயத்தை வாங்கலாம். விலை எதிர்த்திசையில் 1 சதவீதம் நகர்ந்தால் முழுப் பணமும் போய்விடும். ஐரோப்பியப் பத்திரங்கள் மற்றும் சந்தைகள் ஆணையம் 2018-இல் முக்கிய நாணயங்களுக்குக் கடன் பெருக்கத்தை முப்பது மடங்குக்குள் கட்டுப்படுத்தியது. விலை வேறுபாட்டு ஒப்பந்தங்களில் ஈடுபடும் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை பணத்தை இழப்பதாக அப்போது அது குறிப்பிட்டது. நம் நாட்டில் பங்குச்சந்தையின் முன்பேர வணிகம் பற்றி 2024-இல் செபி வெளியிட்ட ஆய்வும் இதே கதையைச் சொன்னது: மூன்று நிதியாண்டுகளில் தனிநபர் வணிகர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்திருந்தனர். அவர்களுடைய மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

'அப்படியானால், பன்னிரண்டு மாதங்களில் பதினொரு மாதம் லாபம் காட்டும் பட்டியல் எப்படி வருகிறது?' என்று நெசவாளரின் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் உத்தி. 1 ரூபாய் தோற்றால் 2, அதுவும் தோற்றால் 4, பிறகு 8. எப்போதாவது ஒருமுறை வென்றால் எல்லா இழப்பும் ஈடாகி 1 ரூபாய் லாபம் நிற்கும். மாதக்கணக்கில் சீரான சிறு லாபம் தெரியும். தொடர்ந்து ஏழு முறை தோற்றால் இழப்பு 127 ரூபாய். எட்டாவது முறை 255. என்றோ ஒருநாள் அந்த வரிசை வரும். வரும் நாளில் கணக்கு துடைக்கப்படும். அதுவரை எடுத்த பங்குத்தொகை நிர்வாகியிடமே இருக்கும்.

மற்றொன்று, வெறும் தற்செயல். 64 பேர் நாணயத்தைச் சுண்டிப்போட்டு வணிகம் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 32 பேர் வெல்வர். பிறகு 16, 8, 4, 2. ஆறாவது மாதமும் வென்று நிற்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய பட்டியல் மட்டுமே நம் கைபேசிக்கு வந்து சேர்கிறது. தோற்ற 63 பேர் விளம்பரம் செய்வதில்லை.

இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வருவாயும் உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் தரகர் சம்பாதிக்கிறார். ஆள் கொண்டுவந்த நிர்வாகிக்கு அதில் ஒரு பகுதியைக் கொடுக்கிறார். எனவே, லாபமோ நட்டமோ, எத்தனை முறை வாங்கி விற்கிறோமோ அத்தனை முறை அவருக்கு வரும்படி. சில தரகர்கள் வாடிக்கையாளருக்கு எதிர்ப்பக்கம் தாங்களே நிற்பவர்கள். வாடிக்கையாளர் இழப்பது அவர்களுக்கு லாபம்.

பங்கு என்ற பெயரில் வட்டி

மேற்கண்டவை எல்லாம் வணிகம் உண்மையில் நடக்கிறது என்ற எண்ணத்தில் சொன்னவை. தமிழ்நாட்டின் அனுபவமோ பெரும்பாலும் வேறு. இங்கே 'லாபப் பங்கு' என்று தொடங்கி, 'மாதம் இவ்வளவு நிச்சயம்' என்று முடிகிறது. மாதந்தோறும் மாறாத தொகை வந்தால் அது பங்கல்ல, வட்டி. அதை வாங்குபவர் முதலீட்டாளர் அல்லர், வைப்பீட்டாளர். வைப்பீடு திரட்ட உரிமம் இல்லாதவர் அதைத் திரட்டுவது குற்றம்.

திருப்பூரின் பாசி ஃபாரெக்ஸ் வழக்கு இதற்குப் பெரிய சான்று. 2008, 2009 ஆண்டுகளில் அந்நியச் செலாவணி வணிகத்தின் பெயரால் கொங்கு மண்டலத்திலும் வெளியிலும் 58,000-க்கும் மேற்பட்டோரிடம் ஏறத்தாழ 930 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. உயர்நீதிமன்ற உத்தரவால் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த அந்த வழக்கில், 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுகள் சிறைத் தண்டனையும் 171 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதமும் விதித்தது. தீர்ப்பு வருவதற்குள் பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. பணம் போட்டபோது பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பட்டம் பெற்று வேலைக்கும் போயிருப்பான்.

அதே 2022-இல் நம் வட மாவட்டங்கள் அதிர்ந்தன. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகக் கூறி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குத் தொடர்ந்தது. வேலூரை மையமாகக் கொண்ட ஐஎஃப்எஸ் நிறுவனத்தின்மீது, சந்தை முதலீட்டின் பெயரால் சுமார் 6,000 கோடி ரூபாய் திரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நெசவாளர்கள், ஆசிரியர்கள், காவலர்கள், ஓய்வூதியர்கள் என்று பலதரப்பினரும் பணம் போட்டிருந்தனர். உறவினர்தான் முகவர், எனவே புகார் கொடுக்கவும் கூச்சம்.

மாதம் 30 சதவீதம் என்பது என்ன என்று யாராவது ஒரு காகிதத்தில் கணக்கிட்டிருந்தால் போதும். 1 லட்சம் ரூபாய் கூட்டு வளர்ச்சியில் ஓராண்டில் 23 லட்சத்தைத் தாண்டும். 'அவ்வளவெல்லாம் இல்லை, மாதம் 8 சதவீதம்தான்' என்றால் அதுவும் ஓராண்டில் இரண்டரை மடங்கு. அந்தத் திறமை உள்ளவர் வங்கியில் கடன் வாங்கி, சில ஆண்டுகளில் நாட்டின் பெரும் செல்வந்தர் ஆகியிருப்பார். நம் தெருவில் வந்து 3 லட்சம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் வசிப்பவர் அந்நியச் செலாவணி வணிகத்தை ரிசர்வ் வங்கி அனுமதித்தவர்களுடன், அனுமதித்த நோக்கங்களுக்காக மட்டுமே செய்யலாம். இணையவழி என்றால், ரிசர்வ் வங்கி அங்கீகரித்த மின்னணுத் தளங்களிலோ தேசியப் பங்குச்சந்தை, மும்பை பங்குச்சந்தை போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலோ செய்ய வேண்டும். 2008 ஆகஸ்டில் ரூபாய்–டாலர் முன்பேர வணிகம் நம் சந்தையில் தொடங்கியது. இன்று அதிலும்கூட, உண்மையான செலாவணி வரவு செலவு உள்ளவரே ஈடுபட வேண்டும் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2024 மே மாதம் முதல் வலியுறுத்திவருகிறது.

வெளிநாட்டுக் கல்வி, மருத்துவம், முதலீடு முதலியவற்றுக்காக ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்ற திட்டத்தைக் காட்டி, 'எல்லாம் சட்டப்படிதான்' என்று முகவர்கள் சொல்வார்கள். வெளிநாட்டுச் சந்தைக்கோ தரகருக்கோ மார்ஜின் தொகை அனுப்புவதற்கு அத்திட்டத்தில் இடமில்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். மீறினால், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999-இன்படி சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். தண்டம் பணம் அனுப்பியவர்மீதும் விழும். பணத்தை இழந்தவரே குற்றம் செய்தவராகவும் நிற்க நேரும் விந்தையான நிலை இது. புகார்கள் வெளிவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களுடன் வெளியிட்டது. பிறகு பட்டியல் நீண்டது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு நிறுவனம் அனுமதி பெற்றது ஆகிவிடாது. அனுமதி பெற்றவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். வைப்பீடு திரட்டி ஏமாற்றுவோர்மீது நடவடிக்கை எடுக்க 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும் உள்ளன. சந்தேகத்துக்குரிய வைப்பீட்டுத் திட்டங்களை ரிசர்வ் வங்கியின் 'சசெத்' இணையதளத்திலும், இணையவழி நிதி மோசடிகளை 1930 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் புகார் கொடுத்தால், அது வேறு கணக்குகளுக்குப் பறந்துவிடும் முன் முடக்க வாய்ப்புண்டு.

எடை போட்டு வாங்கும் ஊர்

காஞ்சிபுரத்துக்குக் கணக்குப் புதிதல்ல. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, இந்நகரின் கோயில் நிதியை மேற்பார்க்கும் பொறுப்பு இங்கிருந்த நெசவாளர் குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கூறுகிறது. பக்கத்தில் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர் ஆக்குகிறது. பிறர் பணத்தை நிர்வகிப்பவருக்குக் கணக்குக் காட்டுவதே முதல் தகுதி என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்றும் இங்கே பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுக்கப்படுகின்றன. சேலை முடிந்ததும் எடை போட்டே திரும்ப வாங்கப்படுகிறது. சீட்டு நிறுவனத்தில்கூட, ஏலத்தள்ளுபடி எல்லா உறுப்பினர்களுக்கும் பகிரப்படுவதும், நடத்துபவரின் தரகு 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தின் ஈவும் போனஸும் தணிக்கை முடிந்த பின்னரே அறிவிக்கப்படுகின்றன. இவற்றிலெல்லாம் குறைகள் இல்லாமல் இல்லை. ஆயினும், யார் எடை போடுகிறார், எந்தத் தராசில் போடுகிறார் என்பது இரு தரப்புக்கும் தெரியும். கைபேசித் திரையில் தெரியும் இருப்புத் தொகையை எடை போட நம்மிடம் தராசு இல்லை.

ஆகவே, நெசவாளருக்கு ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இந்த வணிகத்தை நடத்த ரிசர்வ் வங்கியின் அனுமதி இருக்கிறதா? பணம் யார் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறது. அதை எடுக்கும் அதிகாரம் யாருக்கு? பழைய உச்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு மட்டும்தான் பங்கா? எந்த அளவு நட்டம் வந்தால் வணிகம் நிறுத்தப்படும்? உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு உள்ளே இருக்கிறது. அதைத் தணிக்கை செய்தவர் யார்? முதல் கேள்விக்கே 'இல்லை' என்றால் மற்ற நான்கையும் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

அவர் கையெழுத்திடவில்லை. மகனுக்கு என்மீது சிறிது வருத்தம் என்று பிறகு அறிந்தேன். தை மாதத்தில் கடைத்தெருவில் அவரைப் பார்த்தபோது, "எங்க தெருவுல ரெண்டு பேர் போட்டாங்க சார். ரெண்டு மாசமா ஒழுங்கா வருதாம். என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க" என்றார். அவர்கள் நட்டப்பட வேண்டும் என்று நான் விரும்பவில்லை, விரும்பவும் கூடாது. ஆனால், திருப்பூரிலும் வேலூரிலும் முதல் சில மாதங்கள் எல்லோருக்கும் ஒழுங்காகவே வந்தது. அப்படி வந்த பணத்தைக் கண்டுதான் அடுத்தவர் போட்டார்.

"நீங்க கொடுத்த கேள்வியை அந்த ஏஜெண்ட்டுகிட்ட கேட்டேன் சார். அதுக்கப்புறம் அவர் என் வீட்டுப் பக்கம் வர்றதே இல்லை" என்றும் சொன்னார். அந்தப் பணத்தில் இரண்டாவது தறிக்கு முன்பணம் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, பாவு வாங்கப் போவதாக விடைபெற்றார். தறி மாதம் 8 சதவீதம் தராது. கூலி குறைவு, பட்டின் விலை ஏறுகிறது, விசைத்தறிப் போலிகளின் நெருக்கடியும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே உழைப்பவரின் சேமிப்பைக் காப்பது அரசின் கடமை. ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, கூட்டுறவுச் சங்க வாயிலிலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டுவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. வழக்கு நடத்த ஆகும் பதின்மூன்று ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அது ஒரு நாள் வேலை.